இடைவழிக்கு ஓர் அடையாளம்

நண்பர்கள் கூடியிருந்த ஓரிடத்தில், நள்ளிரவில் ஆற்றுப் பாலத்தின் நடுவே இரண்டு மணி நேரம் நின்றுபோன ரயிலைப் பற்றித் தாம் படித்த ஒரு கட்டுரையை ஒருவர் என்னிடம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியில் விளக்கு அணைந்த பிறகுதான் கீழே தண்ணீர் ஓடும் ஓசை எல்லோருக்கும் கேட்கத் தொடங்கியது என்ற வரியைக்கூட அவர் மறக்கவில்லை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "பெயர் நினைவில் இல்லை, ஏதோ ஒரு பயணத் தளம்" என்றார். அந்தக் கட்டுரையை எழுதியவன் நான்தான். அவருடைய மறதியில் எந்தக் குற்றமும் இல்லை. எழுத்தைத் தவிர, நினைவில் பதியும்படியான வேறெதையும் நான்கு ஆண்டுகளாக என் வலைப்பதிவு வாசகர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை. பெயர் 'என் பயணங்கள்'. முகப்பில் வார்ப்புருவோடு வந்த ஒரு மலைப் படம். உலாவியின் தாவலில், தனக்கென்று சின்னம் இல்லாத தளங்களுக்குப் பொதுவாகத் தோன்றும் சாம்பல் நிற உருண்டை. அன்றிரவே இதைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். முடிக்க ஏழு மாதங்கள் ஆயின.

முதல் இரண்டு மாதங்கள் தவறான இடத்தில் தேடியே கழிந்தன. இலச்சினை என்பது வரைந்து வாங்க வேண்டிய ஒரு படம் என்று எண்ணி, ஆயத்த இலச்சினைகளை விற்கும் ஒரு தளத்தில், வரைபடத்தில் இடத்தைக் காட்டும் குறிமுள்ளின் தலைக்குள் ஒரு விமானம் பறப்பது போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே பெயரைச் சேர்த்துக்கொண்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்றாவது வாரத்தில், வாகனங்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் அதே குறிமுள், அதே விமானம், அதே சாய்வு. உரிமத்தை அதன் பிறகே முழுமையாகப் படித்தேன். அதே வடிவத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றும், அதை எவரும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்றும் அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. வாங்கும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள் என்று இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

உரிமத்தையும் தாண்டிய ஒரு சிக்கல் அந்தப் படத்தில் இருந்தது. குறிமுள் ஒரு காலத்தில் புதுமையாக இருந்தது. 2005-இல் கூகுள் வரைபடத்துக்காக யென்ஸ் ராஸ்முசன் அதை உருவாக்கியபோது, இடத்தை மறைக்காமல் இடத்தைக் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு அது அழகான விடையாக அமைந்தது. கூர்முனை மட்டும் புள்ளியைத் தொடும், தலை மேலே நிற்கும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பிலேயே சேர்த்துக்கொண்டது. ஆனால் இன்று உணவகம், மருத்துவமனை, வாடகை வண்டி என எல்லோருக்கும் அது பொதுச்சொல் ஆகிவிட்டது. திசைகாட்டி, பூகோளம், முதுகுப்பை, பறக்கும் விமானம் ஆகியவற்றின் நிலையும் இதுவே. இவை 'பயணம்' என்ற சொல்லைச் சொல்கின்றனவே தவிர, யாருடைய பயணம் என்பதைச் சொல்வதில்லை. படம் பழகியதாக இருப்பதில் மட்டும் தவறில்லை. பறக்கும் கொக்கு ஒன்றை ஓட்டோ ஃபிர்லே 1918-இல் ஒரு ஜெர்மானிய விமான நிறுவனத்துக்காக வரைந்தார். அதே கொக்கு சிறு திருத்தங்களோடு இன்றும் லுஃப்தான்சா விமானங்களின் வால் பகுதியில் பறக்கிறது. பறவை எவருக்கும் புதிதல்ல. ஆனால் அந்தக் கொக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு மரபை விட்டு அகலவில்லை.

அப்படியானால் எனக்கு உரியது எது? இதற்கு விடை தேட வரைபலகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதுவரை எழுதிய அறுபத்து மூன்று கட்டுரைகளையும் முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு கட்டுரையிலும் எனக்கே பிடித்த ஒரு பத்தியை மட்டும் ஒரு நோட்டில் கையால் எழுதினேன். இந்த வேலைக்கு மூன்று வாரங்கள் ஆயின. மொத்த முயற்சியில் பயனுள்ள பகுதி இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். நோட்டு நிறைந்தபோது ஒன்று புலப்பட்டது. நான் எழுதிய நல்ல பத்திகளில் ஏறத்தாழ எதுவுமே போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றியதாக இல்லை. எதிர் இருக்கையில் தூங்கிவிட்ட குழந்தையின் கையிலிருந்து நழுவிய பொம்மை, தவறவிட்ட வண்டிக்குப் பிந்தைய நான்கு மணி நேரம், எல்லைச் சாவடி வரிசையில் ஒருவர் சொன்ன கதை, ஊர்ப் பெயர் தெரியாத ஒரு நிறுத்தத்தில் ஜன்னல் வழியே கண்ட தையல் இயந்திரம் என எல்லாமே கிளம்பியதற்கும் சேர்ந்ததற்கும் இடையில் நிகழ்ந்தவை. அருவிகளையும் கோட்டைகளையும் பற்றி நான் எழுதியவை கையேட்டுத் தகவல்களாகவே கிடந்தன. இதை ஒப்புக்கொள்ளச் சற்று நேரமானாலும், ஒப்புக்கொண்ட அன்றே பெயர் கிடைத்துவிட்டது: 'இடைவழி'.

பெயரைச் சோதிக்க நான் வைத்த தேர்வு எளியது. தொலைபேசியில் ஒருமுறை சொன்னால், கேட்பவர் திரும்பக் கேட்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதிக்கொள்பவர்கள் எல்லோரும் சரியாக எழுதினார்கள். முகவரிக்காக ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னபோதோ ஐந்து பேர் நான்கு விதமாக எழுதினார்கள். ழகரத்துக்குச் சிலர் 'இசட், எச்' என்றும் சிலர் வெறும் 'எல்' என்றும் போடுவது நாம் அறிந்ததுதான். தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கவும் வழியுண்டு. எனக்கும் அதுவே ஆசை. ஆனால் அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது பல சமயங்களில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக மாறிவிடுவதால், கடைசியில் மிகுதியாக எழுதப்பட்ட இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றதற்குத் திருப்பிவிட்டேன். அதே பெயரை முன்னமே யாராவது இதே துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று வணிகச் சின்னப் பதிவேட்டிலும் சமூக ஊடகங்களிலும் தேடிப் பார்த்தேன். சொல் பொதுவானது என்பதால் இந்தத் தேடலைத் தவிர்க்கவே முடியாது.

இலச்சினை பெயருக்குள்ளேயே இருந்தது. 'இடைவழி' என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். இகரமும் வகரமும் ழகரமும் வளைந்து சுழிந்து செல்ல, நடுவே டகரம் மட்டும் இரண்டே கோடுகளாக நிமிர்ந்து நின்றது. இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, அதன் அடியிலிருந்து வலப்பக்கம் நீளும் ஒரு கிடைக்கோடு. ஒரு மாலையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது ஓர் இருக்கையாகத் தெரிந்தது. முதுகு சாயும் பலகை, உட்காரும் பலகை. பென்சிலை எடுத்து அந்த இரண்டு கோடுகளின் மடிப்பில் ஒரு புள்ளி வைத்தேன். ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் புள்ளியின் இடத்துக்காகவே பிறகு பல நாட்கள் செலவாயின. டகரத்தின் தலைக்கு மேலே வைத்தால் எந்தத் தமிழ் வாசகரும் அதை மெய்யெழுத்தாகவே படிப்பார். கண்ணுக்கு இருக்கை தெரியாது, ஒலிதான் தெரியும். மூலையை ஒட்டி வைத்தால் மைத் துளி சிந்தியது போலிருந்தது. கிடைக்கோட்டின் நுனிக்குக் கொண்டுபோனால் உருண்டு விழப்போவது போன்ற பதற்றம். கடைசியில், இரு கோடுகளையும் தொடாமல், சாய்பலகையின் பாதி உயரத்துக்குச் சற்று மேலே, புள்ளியின் விட்டத்தில் பாதியளவு இடைவெளி விட்டு நிறுத்தியபோது, ஜன்னலை நோக்கிச் சற்றே முன்சாய்ந்த ஒருவரின் தலையாக அது மாறியது.

பெயரை எழுத 'கேட்டமரன்' எழுத்துருவைத் தேர்ந்தேன். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்களில் கிடைக்கிறது. திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியானதால் இலச்சினையிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல் அதன் பெயராக இருப்பது பயணம் எழுதும் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. மிகத் தடித்த கனத்தில் ஐகாரக் குறியின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொண்டதால், நடுத்தரக் கனத்தோடு நின்றுகொண்டேன். இங்கே ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். கோப்பை அச்சுக்கு அனுப்பியபோது, அங்கிருந்த பழைய மென்பொருள் தமிழ் எழுத்து வரிசையை அறியாததால், டகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஐகாரக் குறி அதன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, நூறு அட்டைகள் அப்படியே அச்சாகி வந்தன. தமிழில் இலச்சினை செய்பவர்கள் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி, திசையன் (வெக்டர்) வடிவில் சேமித்த பிறகே கோப்பை வெளியே அனுப்ப வேண்டும். மாற்றிய பின் அது எழுத்து அல்ல, படம்; எந்த மென்பொருளாலும் குலைக்க முடியாது.

அளவுதான் உண்மையான தேர்வு. 1908-இல் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் சிவப்பு வட்டும் நீலப் பட்டையும் கொண்ட சின்னம் முதன்முதலாக வைக்கப்பட்டதே, சுவரெங்கும் நிறைந்த விளம்பரங்களுக்கு நடுவில் நிலையத்தின் பெயர் பயணியின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான். நமக்கு அந்தச் சுவர் உலாவியின் தாவல் வரிசை. அங்கே கிடைக்கும் இடம் 16-க்கு 16 படப்புள்ளிகள் மட்டுமே. 'இடைவழி' என்ற முழுப்பெயரும் அங்கே ஒரு கறையாகிவிடும். இருக்கையும் புள்ளியும் மட்டும் என்றால் மூன்று படப்புள்ளி தடிமனில் இரண்டு கோடுகள், நான்கு படப்புள்ளி அகலத்தில் ஒரு தலை, அது போதும். கோட்டின் விளிம்புகள் படப்புள்ளியின் எல்லையில் சரியாக உட்காராவிட்டால் ஓரங்கள் மங்கிவிடும் என்பதால், இந்த அளவுக்கு மட்டும் பெரிய படத்தைச் சுருக்காமல் தனியாகவே வரைந்தேன். சமூக ஊடகங்கள் முகப்புப் படத்தை வட்டமாக வெட்டும்போது சதுரத்தின் பரப்பில் ஏறத்தாழ 78 விழுக்காடே எஞ்சும். அதற்கும் இடம் விட்டே இருக்கையை நடுவில் வைத்தேன்.

நிறத்தில் நான் முதலில் விரும்பியது அந்திவானத்தின் ஆரஞ்சு. வெள்ளைப் பின்னணியில் சாதாரண ஆரஞ்சின் மாறுபாட்டு விகிதம், அதாவது பின்னணியிலிருந்து நிறம் எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்ற அளவு, 2-ஐக்கூட எட்டுவதில்லை; இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் எழுத்துக்கு 4.5-ஐயும் குறியீடுகளுக்கு 3-ஐயும் குறைந்த அளவாக வைத்திருக்கின்றன. பார்வை மங்கிய ஒரு வாசகருக்குத் தெரியாத பெயரை நான் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆகவே மீண்டும் என் படங்களிடமே போனேன். ரயில்கள் வேகம் குறைத்து நிற்கும் இடங்களில், தண்டவாளத்தின் ஜல்லிக் கற்கள் பிரேக் கட்டைகளிலிருந்தும் சக்கரங்களிலிருந்தும் உதிரும் இரும்புத் தூள் படிந்து துருநிறம் கொண்டிருக்கும். நிலையத்தை விட்டு விலக விலக அந்தச் செம்மை குறைந்து கற்கள் மீண்டும் சாம்பல் நிறமாகும். வண்டி நின்ற இடங்களுக்கு மட்டுமே உரிய நிறம் அது. அதையே எடுத்து, சற்றே அடர்த்தியாக்கியபோது விகிதம் 7-ஐத் தாண்டியது. துணை நிறமாகக் கல்லின் சாம்பல்.

மற்றவை விரைவாக முடிந்தன. படங்களுக்கு இனி செயற்கையான நிறப் பூச்சு வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெயரின் கீழே வரும் சிறு வரிக்கு 'போய்ச் சேரும் வரை' என்று எழுதி வைத்திருந்தேன். தமிழில் போய்ச் சேர்வதற்கு இன்னொரு பொருளும் உண்டல்லவா என்று ஒரு நண்பர் மெல்ல நினைவூட்டியதும், 'கிளம்பிய பின், சேரும் முன்' என்று மாற்றினேன். கட்டுரைகளின் தலைப்பிலிருந்து ஊர்ப் பெயர்களை நீக்கி, நிகழ்ந்த கணத்தையே தலைப்பாக்கி வருகிறேன்.

பழைய அறுபத்து மூன்று கட்டுரைகளில் நாற்பத்தொன்றுக்கு இதுவரை புதிய முகம் வைத்தாயிற்று. பாலத்தின் நடுவே நின்ற ரயில் கட்டுரையை முதலில் மாற்றி, அதைப் பற்றி என்னிடம் சொன்னவருக்கு இணைப்பை அனுப்பினேன். "அந்த நாற்காலியில் இருப்பது நீங்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். பெயரைக் குறிப்பிடவில்லை, நாற்காலியைக் குறிப்பிட்டிருந்தார்.