விதைச்சாலில் அசிட்டேட்: ஐயோவா மக்காச்சோள வயல் நாட்குறிப்பு

ஏப்ரல் 7

மத்திய ஐயோவா. மேட்டில் கிளாரியன் மண், சரிவில் நிக்கோலெட், பள்ளத்தில் வெப்ஸ்டர். பள்ளத்து மண் கருகருவென்று வளமாக இருந்தாலும் ஈரம் வடியவும் சூடேறவும் நாளாகும். குளிர்ந்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எளிதில் நகராது. இளம்பயிரின் வேரோ விரல் நீளம். அந்த இரண்டு மூன்று வாரங்களுக்காகத்தான் தொடக்க உரம், அதாவது விதைக்கும்போதே விதைச்சாலில் விடும் திரவ உரம். அதில் பொட்டாசியம் அசிட்டேட்டையும் கலந்தால் பலன் உண்டா என்று இம்முறை பார்க்கப் போகிறோம்.

மண் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் எதுவும் வாங்கக் கூடாது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் அளவுகோலில் பாஸ்பரஸ் 16–20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) உகந்த நிலை. அதற்குக் கீழும், உழாமல் விதைக்கும் குளிர்ந்த நிலத்திலும் பலன் எதிர்பார்க்கலாம். 30-ஐத் தாண்டிய இடத்தில் பயிர் ஆரம்பத்தில் துள்ளி வளரும், மகசூல் பெரும்பாலும் அசையாது.

ஏப்ரல் 11

இன்று கணக்கு. விதையோடு ஒரே சாலில் விடும் உரத்தில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சேர்ந்து ஏக்கருக்கு 4.5 கிலோவைத் தாண்டக் கூடாது. இது 76 செ.மீ. வரிசைக்கான வரம்பு, மணற்பாங்கான நிலத்தில் பாதி. தாண்டினால் உப்பு, விதைக்குப் போக வேண்டிய நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்தால் பொட்டாசியம் குளோரைடின் உப்புக் குறியீடு, அதாவது நீரை இழுக்கும் உப்புத்தன்மையின் அளவு, 116. அதனால்தான் அது விதைச்சாலுக்கு ஆகாது. பொட்டாசியம் அசிட்டேட்டில் குளோரைடு இல்லை. அசிட்டேட்டையும் மண் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும்.

நம் கலவை ஏக்கருக்கு 20 லிட்டர்: 10-34-0 திரவ உரம் (10 சதவீதம் தழை, 34 சதவீதம் மணி, சாம்பல் இல்லை) 16, 50 சதவீதப் பொட்டாசியம் அசிட்டேட் கரைசல் 4. முதலாவது லிட்டருக்கு 1.4 கிலோ எடை, ஆக 2.2 கிலோ தழை, 7.6 கிலோ மணி. இரண்டாவது 1.28 கிலோ எடை, 1.2 கிலோ சாம்பல். தழையும் சாம்பலும் கூட்டினால் 3.4, வரம்புக்குள்தான். யூரியா, யூரியா-அமோனியம் நைட்ரேட் கரைசல், தயோசல்பேட், போரான் ஆகிய நான்கும் விதைச்சாலின் பக்கமே வரக் கூடாது.

அசிட்டேட் மண்ணுயிர்களுக்குத் தீனி என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. 4 லிட்டரில் இருக்கும் அசிட்டேட் ஒன்றரைக் கிலோ. ஒரு ஏக்கர் மேல்மண்ணில் கரிமப் பொருள் பல பத்து டன். அதை நம்பிப் பணம் போட வேண்டாம். விதைக்கு அருகே பாதுகாப்பாகச் சாம்பல்சத்து வைக்கலாம் என்பதே இதன் உண்மையான பயன்.

ஏப்ரல் 14

ஜாடிச் சோதனை. 800 மி.லி. 10-34-0, அதில் 200 மி.லி. அசிட்டேட்டை மெல்ல ஊற்றிக் கலக்கி, துத்தநாகம் சேர்ப்பதானால் இடிடிஏ (உலோகத்தைப் பிடித்து வைத்துக் கரைசலில் நிறுத்தும் பொருள்) வடிவில் கடைசியாக. இரவு முழுக்கக் குளிரில் வைக்க வேண்டும், ஏனென்றால் உப்புப் படிவது குளிரில்தான். அடியில் மணலோ கூழோ தெரிந்தால் அந்தக் கலவை வேண்டாம். லேசான வினிகர் வாசனை பரவாயில்லை. அமோனியா நெடி அடித்தால் கலவை காரத்தன்மை அடைந்துவிட்டது என்று பொருள். அமோனியா முளையைக் கொல்லும். கால்சியம் உள்ள எதையும் சேர்க்கக் கூடாது, பாஸ்பேட்டோடு சேர்ந்து கட்டியாகிவிடும்.

ஏப்ரல் 19

பிளான்டர் (விதைக்கும் இயந்திரம்). அதில் பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய இரும்பு எல்லாவற்றையும் கழற்றி பிளாஸ்டிக்கும் துருப்பிடிக்காத எஃகும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஒரு வரிசைக்கு நிமிடத்துக்கு 500 மி.லி. விழ வேண்டும், 30 விநாடியில் 250. தண்ணீரை வைத்து அளந்தால் தப்பாகும், கலவை கனமானது. குளிர்ந்த காலையில் இன்னும் கெட்டியாகி ஓட்டம் குறையும், மதியம் மறுபடி அளக்க வேண்டும்.

ஏப்ரல் 30

5 செ.மீ. ஆழத்தில் மண் 10 டிகிரி, ஏறுமுகம். விதைப்பு.

மூன்று விதப் பட்டைகள்: உரமில்லை, 16 லிட்டர் 10-34-0 உடன் 4 லிட்டர் மென்னீர், 10-34-0 உடன் அசிட்டேட். நான்கு முறை, குலுக்கல் வரிசையில், மொத்தம் 12. 10-34-0 மட்டும் விடும் இரண்டாம் வகைப் பட்டையை விட்டுவிட்டால் மணிச்சத்து தந்த மகசூலை அசிட்டேட்டின் கணக்கில் எழுதிவிடுவோம். இந்தத் தப்பு எங்கும் நடக்கிறது. மேடு பள்ளம் ஒவ்வொரு பட்டையிலும் வரும்படி நீளவாக்கில் போட வேண்டும்.

மே 16

5.3 மீட்டர் வரிசையில் செடிகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கர் எண்ணிக்கை. பட்டைக்கு ஆறு இடம். இடைவெளி தெரிந்தால் தோண்டிப் பார்க்க வேண்டும். ஊறியும் முளைக்காத விதை, நுனி பழுத்த முளைவேர் என்றால் உப்பைச் சந்தேகிக்கலாம். குடைந்த விதை புழுவின் வேலை. முளை மண்ணுக்குள்ளேயே சுருண்டிருந்தால் மேல்மண் இறுகியதையோ குளிரையோ பார்க்க வேண்டும்.

ஜூன் 8

ஆறாம் இலை. கணுவேர்கள் பொறுப்பேற்கின்றன; தொடக்க உரத்தின் வேலை இதோடு முடிந்த மாதிரிதான். ஊதா நிறம் எந்தப் பட்டையில் என்று குறித்தாயிற்று. ஊதாவுக்குக் குளிரும் காரணமாகலாம், ரகமும் காரணமாகலாம்.

அக்டோபர் 10

அறுவடை. ஒவ்வொரு பட்டையும் தனியாக, ஒரே எடை வண்டியில், ஓர வரிசைகளை விட்டு. எடையை (100 கழித்தல் ஈரப்பதம்) ஆல் பெருக்கி 84.5 ஆல் வகுத்தால் 15.5 சதவீத ஈரத்துக்கான எடை. ஈரப்பதத்தைத் தனிப் பத்தியிலும் எழுத வேண்டும்: மகசூல் சமமாக இருந்தாலும், முன்னதாக முதிர்ந்த பட்டையில் உலர்த்தும் செலவு குறையும்.