பூச்சி குடியிருக்கும் பெட்டி

விலங்குகளுக்கு இரையாகப் பூச்சி வளர்க்கும் அறையில் பணியை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. எந்நேரமும் முப்பது டிகிரியை ஒட்டிய வெக்கை, தவிட்டு வாடை, ஓயாத சுவர்க்கோழிச் சத்தம். ஆனால் ஓணானும் பல்லியும் தவளையும் வளர்க்கும் ஓர் இடத்தில் அவற்றின் உடல்நலம் தொடங்குவது அந்த அறையில்தான். பூச்சிக்கு என்ன தீனி போடுவது, கால்சியம் தூளை எப்போது தூவுவது என்றெல்லாம் பராமரிப்பாளர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். பூச்சி எதில் குடியிருக்கிறது என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. சுவர்க்கோழியும் மாவுப்புழுவும் தாம் குடியிருக்கும் இடத்தையும் சேர்த்துத் தின்பவை. அவற்றின் வயிற்றில் இருப்பது எதுவோ, அது அப்படியே ஓணானின் வயிற்றுக்குப் போகிறது.

முட்டை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தினால் சிறிய இடத்தில் நிறைய மறைவிடம் கிடைக்கும், நெரிசல் குறையும், ஒன்றையொன்று கடித்துத் தின்பதும் குறையும். எச்சம் கீழே உதிர்ந்துவிடும். இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. சில வாரம் பயன்பட்ட அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளிம்பெல்லாம் அரம் போட்டதுபோல் அரிக்கப்பட்டிருக்கும். தண்ணீரோ புரதமோ குறைந்த பெட்டியில் அரிப்பு இன்னும் ஆழமாக இருக்கும். அந்தக் காகிதக் கூழ் முழுவதும் பூச்சிக்குள் போயிருக்கிறது. வெறும் கூழ் என்றால் கவலை இல்லை. அட்டை அதற்கு முன் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

பயன்படுத்திய அட்டைகள் ஒருமுறை எங்களுக்கு மூட்டையாக வந்தன. பார்வைக்குச் சுத்தமாக இருந்தன, வாடையும் இல்லை. மறுநாள் காலை அந்த அட்டை வைத்த பெட்டிகளில் மட்டும் சுவர்க்கோழிகள் மல்லாந்து கிடந்தன. சாகவில்லை. ஆறு கால்களும் விட்டுவிட்டு நடுங்கின; திருப்பிவிட்டால் இரண்டு அடி தள்ளாடி மறுபடி சாய்ந்தன. தாகத்தில் சாகும் பூச்சி இப்படி நடுங்காது, சுருங்கி ஓரிடத்தில் அடங்கிவிடும். இது நரம்பைத் தாக்கும் மருந்தின் வேலை. கோழிப்பண்ணைகளில் உண்ணிக்கும் ஈக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளைத் தெளிப்பதுண்டு. நரம்பிழையில் சோடியம் நுழையும் வழியை அவை மூடவிடாமல் பிடித்துவைக்கின்றன. நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. அன்று என்னை அதிகம் அச்சுறுத்தியது பூச்சிகள் செத்துவிடும் என்பது அல்ல. ஓணான் அசைவதைப் பார்த்துத்தான் பாய்கிறது. ஓடித் தப்ப முடியாமல் துடிக்கும் பூச்சி அதற்கு மிகச் சுலபமான இரை. அந்தப் பெட்டிகளில் இருந்த எதையும் எந்த விலங்குக்கும் கொடுக்காமல் மொத்தமாக அழித்தோம்.

பயன்படுத்திய அட்டையில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம் என்பார்கள். அதுவும் உண்மைதான். அட்டையைச் சூடேற்றினால் கிருமி போகலாம். மருந்து போகும் என்று நம்பி இருக்க முடியாது. எனவே புதிய அட்டை மட்டும்தான். அதிலும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து, பொரித்துச் சில நாளே ஆன சுவர்க்கோழிக் குஞ்சுகளைத் தனிப்பெட்டியில் இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம். வளர்ந்த பூச்சி தாங்கிக்கொள்கிற அளவைக் குஞ்சு தாங்காது. என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

பெட்டிக்குப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் போதும். வழவழப்பான சுவரில் வீட்டுச் சுவர்க்கோழியால் ஏற முடியாது, கழுவுவதும் எளிது. சிக்கல் மூடியில் பதிக்கும் வலையில் வருகிறது. பிளாஸ்டிக் வலையைக் கடித்துத் துளைத்துவிடும். துத்தநாகம் பூசிய கம்பி வலை ஈரம் பட்டுப்பட்டு வெண்மையாகப் பூத்துப்போகும். அந்தப் பூச்சு உள்ளே போனால் பறவைகளுக்கு நஞ்சாவது நன்கு அறியப்பட்ட செய்தி. துருப்பிடிக்காத எஃகு வலைக்குச் செலவு கூடுதல்தான், இருந்தாலும் அதையே போடுங்கள். ஓட்டையை அடைக்கச் சிலிகான் பூசுவதென்றால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்ததைத் தொடாதீர்கள்.

மாவுப்புழு தெர்மாகோலையே தின்கிறது, அதனால் தெர்மாகோல் பெட்டி ஆபத்தில்லை என்று புதிதாக வந்த தம்பி ஒருவர் வாதாடினார். "அது தின்று உயிரோடுதானே அண்ணா இருக்கிறது?" என்று கேட்டார். தின்பது உண்மை. 2015-இல் வெளியான ஆய்வில் நூறு புழுக்கள் நாளொன்றுக்கு 34 முதல் 39 மில்லிகிராம் வரை தின்றன. அதில் ஏறத்தாழ பாதிக் கார்பன் கரியமில வாயுவாக வெளியேறியது. மீதியில் பெரும்பகுதி எச்சத்தோடு துகளாகப் போனது. புழு பிழைக்கிறது, சரி. ஆனால் துகள் வெளியேறும் முன்பே ஓணான் அந்தப் புழுவை விழுங்கிவிட்டால்? தெர்மாகோலில் தீத்தடுப்பு வேதிப்பொருளும் கலந்திருக்கக்கூடும். "புழுவுக்கு ஆகுமா என்று பார்க்காதே தம்பி, புழுவைத் தின்பதற்கு ஆகுமா என்று பார்" என்றேன். இன்று அவர்தான் அந்த அறைக்குப் பொறுப்பு.

தவிடு படுக்கையாகவும் இருக்கிறது, தீனியாகவும் இருக்கிறது. கிடங்கில் தானியத்துக்குப் பூச்சிமருந்து கலப்பது வழக்கம் என்பதால் மனிதர் உண்ணத் தயாரித்த தவிட்டைத்தான் வாங்குகிறோம். அதையும் முதலில் கொஞ்சம் புழுவில் பார்த்துவிட்டே கொட்டுகிறோம். தேவதாரு மரத்தூள் அறைக்குள்ளேயே வரக்கூடாது. அந்த மர எண்ணெயைப் பூச்சி விரட்டத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பெட்டிக்கு வெளியிலிருந்தும் கேடு வரும். கொசுவை விரட்டச் சூடேற்றும் திரவத்தில் இருப்பதும் பெரும்பாலும் பைரித்ராய்டுதான். அடுத்த அறையில் வைத்தால்கூட எனக்கு நிம்மதி இருக்காது. நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பு.

பழைய அட்டையை மறுபடி பயன்படுத்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுச் சுவர்க்கோழியைத் தாக்கும் டென்சோவைரஸ் 2009-10 வாக்கில் வட அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றைக் காலி செய்தது. மேலுறை இல்லாத வைரஸ் அது; அதனால் பொருள்களின் மேல் நெடுநாள் நிலைத்திருக்கும். பிளாஸ்டிக் பெட்டியை வெளுப்புக் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைக்கலாம். அட்டையை என்ன செய்ய முடியும்? ஒரு தலைமுறை பூச்சி முடிந்ததும் அதை எரித்துவிடுகிறோம். அட்டைச் செலவைக் குறைக்க முடியாதா என்று ஆண்டுதோறும் மேலிடம் கேட்கும். முடியாது என்று எழுதி, காரணங்களையும் சேர்த்தே அனுப்புகிறேன்.