சில்வர் ஓக் மூக்கு

கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் செய்த ராக்கெட் பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் லூசர்ன் வறண்ட ஏரியில் பறந்தது. ராக்கெட் என்றதும் எல்லோரும் நெருப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் தூக்கத்தைக் கெடுத்தது நெருப்பு இல்லை, ஒரு மரக்கட்டை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். மாடல் ராக்கெட் மோட்டார்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வரிசை உண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த உந்துவிசையின் உச்ச வரம்பு இரட்டிப்பாகும். ஹெச் என்றால் 160-க்கு மேல் 320 நியூட்டன்-விநாடி வரை. அங்கிருந்துதான் ஹை பவர், அதைப் பறக்கவிட லெவல் 1 சான்று வேண்டும். சான்றுக்கு உயரம் முக்கியமில்லை. ராக்கெட் பாராசூட்டில் சேதமில்லாமல் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

மோட்டாரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, பறக்கவிடும் மைதானத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். அதனால் டிசம்பர் விடுமுறையில் கூட்டை மட்டும் ஊரில் செய்து பெட்டியில் எடுத்துப்போவது என்று முடிவு செய்தேன். அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "கூடு மட்டும் இங்க செய் கண்ணு. மருந்து ஒரு கிராம்கூட இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

ஆனால் அது என்ன மருந்து என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோஸையும் கொஞ்சம் வாசலினோடு பிசைந்து இடியாப்பம் மாதிரி பிழிந்தெடுப்பது, அந்தக் கயிறு வடிவத்தால்தான் அந்தப் பெயர். எங்கள் மோட்டாரில் இருப்பது அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், இரண்டையும் பிடித்து வைக்கும் ரப்பர். இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் கட்டத்தில் எரிவதும் இதே குடும்பம்தான் என்றதும் எழுந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் திண்ணையை விட்டு நகரவே இல்லை.

உடலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து துணி சுற்றி வரும் தடித்த அட்டைக் குழாய், உள்விட்டம் 76 மில்லிமீட்டர். ஃபின்களுக்கு, அதாவது வால் பக்கத்துச் சிறகுகளுக்கு, 6 மில்லிமீட்டர் பிளைவுட். குழாயில் பிளவு போட்டு, உள்ளே இருக்கும் மோட்டார் குழாய் வரை ஃபின்னைச் செருகி ஒட்ட வேண்டும், மேலோட்டமாக ஒட்டினால் பிய்ந்துவிடும். குளிரில் அரால்டைட் பசை இறுகவே மாட்டேன் என்றது, பக்கத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுத்தான் சமாளித்தோம். பாராசூட் அப்பாவின் பெரிய கறுப்புக் குடை. எட்டுக் கம்பிகளையும் கழற்றிவிட்டு அந்த எட்டு முனைகளிலும் அம்மா நைலான் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

மூக்குக் கூம்பைத் தச்சரிடம் சில்வர் ஓக்கில் கடைந்து வாங்கினேன், தேயிலைக்கு நிழல் தரும் அதே மரம். கனமான மூக்கு நல்லது. ராக்கெட்டின் எடை மையம், காற்று தள்ளும் மையத்தைவிடக் குறைந்தது ஒரு விட்டம் அளவாவது முன்னால் இருந்தால்தான் நேராகப் போகும். மோட்டாருக்குப் பதிலாக 200 கிராம் மணலைப் பின்னால் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்தோம், இரண்டு விட்டம் வந்தது.

அந்த மூக்கு குழாய்க்குள் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மோட்டார் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல் எரியும், அப்புறம் ராக்கெட் தன் வேகத்திலேயே ஏறும், உச்சியில் சிட்டிகைக் கருமருந்து வெடித்து உள்ளே எழும் அழுத்தம் மூக்கைத் தள்ள வேண்டும், அது போகும்போது குடையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மூக்கு இறுகிப்போயிருந்தால் ராக்கெட் ஈட்டி மாதிரி தரையில் குத்தும். தளர்ந்திருந்தால் அதைவிட மோசம், ஏனென்றால் மோட்டார் அணைந்த கணத்தில் உடலைக் காற்று பிடித்து நிறுத்தும், கனமான மூக்கு மட்டும் முன்னே பாயும், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் குடை விரிந்து கிழியும். உள்ளே அடைபட்ட காற்றே மூக்கைத் தள்ளிவிடக் கூடாது என்று குழாயில் 3 மில்லிமீட்டர் துளையும் போட்டோம்.

இறுக்கத்துக்கு ஒரு சோதனை உண்டு. மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் விழக் கூடாது, லேசாக உதறினால் கழன்று வர வேண்டும். அப்பா தினமும் காலையில் காபிக்கு முன்னால் இதைச் செய்தார். மூடுபனி இறங்கிய நாட்களில் இரண்டு பேர் இழுத்தாலும் வராது, வெயிலடித்தால் சரியாக இருக்கும். "மரம் நீளத்துல மாறாதும்மா, குறுக்கேதான் உப்பும், அதுவும் ஒரு பக்கம் கூடுதலா" என்றார் தச்சர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஒருவழியாகக் கொண்டுவந்தோம். பின்பக்கத்தில் சைக்கிள் பம்ப் வைத்து அடித்தால் மூக்கு 'பொக்' என்று வெளியே வந்தது.

ஊரிலேயே பறக்கவிடலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். மருந்து கிடையாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 300 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 50 விநாடி ஆகும், அதற்குள் எங்கள் மலைக்காற்று அதைப் பள்ளத்துக்கோ காட்டெருமை மேயும் சோலைக்கோ கொண்டுபோய்விடும். காய்ந்த புல் பற்றினால் யார் பதில் சொல்வது?

லூசர்னில் உதடு வெடிக்கும் வறட்சி. பெட்டியைத் திறந்து மூக்கைப் பிடித்துத் தூக்கினேன், உடல் தொப்பென்று மண்ணில் விழுந்தது. தச்சர் சொன்ன மாதிரியே கட்டை ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்கி லேசாக முட்டை வடிவமாகியிருந்தது. சுற்றிலும் டேப் ஒட்டினால் அகலமான பக்கம் பிடித்துக்கொள்ளும். அதனால் சுருங்கிய இரண்டு பக்கங்களில் மட்டும் மாஸ்கிங் டேப்பை மூன்று அடுக்காக ஒட்டி, பத்துத் தடவையாவது தூக்கி உதறிப் பார்த்த பிறகுதான் ஏவுதளத்துக்குக் கொண்டுபோனேன்.

ஐந்திலிருந்து எண்ணினார்கள். சத்தம் காதுக்கு வருவதற்குள் ராக்கெட் ஏவுகம்பியை விட்டுப் போயிருந்தது. அப்புறம் புகைக்கோடு மட்டும். ஏழு விநாடி நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. மேலே ஒரு சின்னப் புகைத் துணுக்கு, அதன் கீழே கறுப்பாக அப்பாவின் குடை.

சான்றில் கையெழுத்து வாங்கியதும் ஃபோன் செய்தேன். அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி, முதல் மணியிலேயே எடுத்தார். வாழ்த்தெல்லாம் அப்புறம்தான்.

"மூக்கு எப்படி இருந்துச்சு?"

முட்டை வடிவத்தையும் மூன்று அடுக்கு டேப்பையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த கட்டையைக் கடைவதற்கு முன்னால் பரணில் நன்றாகக் காயப்போட வேண்டும், கடைந்ததும் அன்றே வார்னிஷ் அடித்துவிட வேண்டும் என்றார். பின்னணியில் அம்மா, குடை கிழிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.