அப்பா பெயரில் ஒரு டெர்மின்

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. "மதிப்பிற்குரிய திரு. சுப்பையா, உங்கள் குடியுரிமை விண்ணப்பத்தில் இன்னும் ஓர் ஆவணம் பாக்கி இருக்கிறது."

சுப்பையா என் அப்பா. கோவில்பட்டிக்காரர். மதுரைக்கு வடக்கே போனதில்லை, பாஸ்போர்ட் எடுத்ததில்லை. இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஜெர்மன் குடியுரிமைக்காகக் காத்திருக்கிறார்!

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டதற்குக் கிடைத்த பலன்.

2024 ஜூன் 27-ஆம் தேதி இங்கே புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டு வருஷம் இருக்க வேண்டும் என்பது ஐந்தாகக் குறைந்தது, இரட்டைக் குடியுரிமைக்கும் கதவு திறந்தது. வாட்ஸ்அப் குழுவில் லட்டுப் படமாகக் குவிந்தது. நம் இந்தியச் சட்டம் இரட்டைக்கு ஒத்துக்கொள்ளாது, பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு நிற்க வேண்டும் என்பது லட்டு தீர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கெட்டிக்காரர்களுக்கு மூன்றே வருஷம் என்று ஒரு 'டர்போ' வழியும் வைத்திருந்தார்கள். 2025 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். குடியுரிமைத் தேர்வு பெரிய விஷயமில்லை. 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் போதும்.

வருஷத்தைக் குறைத்தார்களே ஒழிய காகிதத்தைக் குறைக்கவில்லை. என் பிறப்புச் சான்றிதழை மனைவியின் விசாவுக்குக் கொடுத்தேன், மகள் பிறந்ததைப் பதியக் கொடுத்தேன், இப்போது மூன்றாம் முறை. "பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறதே" என்றால், "அது அந்த ஆம்ட், இது இந்த ஆம்ட்" என்கிறார்கள். ஆம்ட் என்றால் அரசு அலுவலகம். அந்தச் சான்றிதழுக்கே ஒரு கதை உண்டு. முதலில் அதில் என் பெயரே கிடையாது. 'ஆண் குழந்தை, தகப்பனார் சுப்பையா', அவ்வளவுதான். பெயரைச் சேர்த்து வாங்கினால், ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் நம் ஊர் அப்போஸ்டில் முத்திரை செல்லாது என்று சொல்லி, அது நிஜம்தானா என்று பார்த்துவர ஒரு வக்கீலைக் கோவில்பட்டிக்கே அனுப்பினார்கள்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் டிரில் போடுவதில்லை. வந்த கடிதத்தை அன்றைக்கே இரண்டு துளை போட்டு ஃபைலில் கோத்துவிடுகிறேன். துளை போடும்போதுதான் அப்பாவின் மஞ்சப்பை கண்ணில் வந்து நிற்கும். ரேஷன் கார்டு, பட்டா, என் மார்க் ஷீட் எல்லாம் அதற்குள் சுருண்டு கிடக்கும். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வார். தன் பெயரைச் சொல்ல மாட்டார். மனு எழுதுகிறவருக்கு அது தெரியும். திரும்பும்போது கடலைமிட்டாய் வாங்கித் தருவார், 'இன்னைக்கு ஆபீசர் லீவு' என்ற நாட்களிலும்.

கடிதத்தோடு டெர்மினுக்கு, அதாவது அலுவலகத்தில் குறித்துக் கொடுத்த நேரத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா நல்லவர்தான். குடியுரிமை கிடைத்ததும் பெயரை ஜெர்மன் முறைக்கு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம், அதற்குச் சட்டத்தில் 47-ஆம் பிரிவு இருக்கிறது, எது குடும்பப் பெயர் என்று நீங்களே எழுதித் தரலாம் என்றார். இத்தனை வருஷத்தில் அலுவலகத்தில் நான் கேட்ட உருப்படியான யோசனை அது ஒன்றுதான். என் பெயரே குடும்பப் பெயராகிவிடும், குழப்பம் தீரும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா மூன்று மாதம் வந்திருந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்று குழந்தை டாக்டரிடம் எல்லோரும் போயிருந்தோம். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, "முருகன் பேருதான், நீங்களே போட்டுக்கோங்க" என்பார். அங்கே காத்திருப்பு அறைக்குள் நர்ஸ் எட்டிப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்: "சுப்பையா!" மகளைத் தூக்கிக்கொண்டு மனைவி எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டார். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலையே பார்த்தபடி நின்றார்.

நேற்று போனில் 47-ஆம் பிரிவை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஏய்யா, மாத்திட்டா அந்த ஆஸ்பத்திரில அவுகள கூப்பிட மாட்டாகளா?"