காதல் கதை எழுதுபவர் வேறு வகைக்குத் தாவும்போது

காதல் தொடர் எழுதிப் பழகிய கை, மழை, பனி, பண்டிகை என ஒரு பருவத்தை ஒட்டி எழுதும் பருவகாலச் சிறுகதையில் முதலில் இடறுவது நீளத்தில்தான். 20 அத்தியாயத்தில் மலரும் உறவை 2,500 சொற்களுக்குள் அடைத்தால் இரண்டாம் பக்கத்திலேயே காதல் வந்துவிடும். யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் முன்பே பழக்கமுள்ள இருவரை எடுங்கள். பிரிந்தவர்கள், பேச்சை நிறுத்திய நண்பர்கள், இப்படி. ஒரே இடம், ஒரே இரவு, மிஞ்சினால் மூன்று பாத்திரங்கள். முன்கதைக்கு நான்கு வரி போதும்.

மழையோ பனியோ பண்டிகையோ, அது கதையில் வேலை செய்ய வேண்டும். மழையை நீக்கிப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அது மழைக்கதை இல்லை, வெறுமனே நனைந்த கதை. பாதை அடைபட்டு இருவரும் ஒரே கூரையின் கீழ் மாட்டிக்கொள்ள அந்த மழையே காரணமாகட்டும்.

பண்டிகை வாரத்தில் எழுத உட்கார்ந்தால் தாமதம். அச்சிதழ்கள் சிறப்பிதழ் வேலையை வெகு முன்பே தொடங்கிவிடும். வெயிலில் உட்கார்ந்துதான் குளிரை எழுத வேண்டிவரும். எனவே வாசனை, ஒலி, வெளிச்சம் எல்லாவற்றையும் அந்தந்தப் பருவத்திலேயே குறித்து வையுங்கள்.

துப்பறியும் கதைக்குப் போகிறவர்களுக்கு: காதல் கதையில் முடிவு வாசகருக்கு ஏறக்குறையத் தெரியும், 'எப்படி' என்பதே ஈர்ப்பு. இங்கே முடிவை மறைக்க வேண்டும். குற்றவாளி எப்போது என்ன செய்தார் என்ற காலவரிசையை முதலில் தனியாக எழுதி, தடயங்களைப் பின்னோக்கிப் பதியுங்கள். பழக்கதோஷத்தில் எல்லோர் மனசுக்குள்ளும் புகுந்தால் ரகசியம் அங்கேயே உடையும்.

பேய்க்கதைக்கு மட்டும் காதல் கை அப்படியே உதவும். காக்கவைக்கும் வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான்!