புத்துமலையில் அத்தைக்குக் கிடைத்த எண்

2024 ஜூலை 30, செவ்வாய்க்கிழமை விடியற்காலை. நீலகிரியில் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் ஊரான சேரம்பாடியில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. திருப்பூரிலிருந்து அத்தை மகள் அப்பாவைக் கூப்பிட்டாள். "மாமா, அம்மா போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. முண்டக்கையில மலை இடிஞ்சிருச்சாம், டிவில ஓடுது" என்றாள். அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சட்டையைத் தேடப் போய்விட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மண்ணுக்குள் போன ஆளைத் தேடுகிற குடும்பம் எங்கே போக வேண்டும், யாரிடம் என்ன கொடுக்க வேண்டும், எதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மூன்று நாட்கள் அப்பா பட்டதில் பாதியாவது குறைந்திருக்கும்.

எங்கள் தாத்தா இலங்கையிலிருந்து சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர். தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது, சேரம்பாடியே ஊராகிவிட்டது. அப்பாவின் ஒரே தங்கையை எல்லை தாண்டிக் கேரளாவின் வயநாட்டில், முண்டக்கையில் ஒரு தோட்டக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா இறந்த பிறகும் அத்தை அங்கேயே கொழுந்து பறித்துக்கொண்டு தோட்டத்துப் பாடியில் தனியாக இருந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்போம், வயநாட்டில் பாடி என்றுதான் சொல்வார்கள்.

சோலாடி செக்போஸ்ட் தாண்டி, வடுவஞ்சால் வழியாக மேப்பாடி போக எப்போதும் ஒரு மணி நேரம் ஆகும். அன்று ஜீப்பில் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அதற்கு மேல் விடவில்லை. இரண்டு நாளில் 572 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. இரவு ஒரு மணிக்கு மேல் முதல் சரிவு, நான்கு மணி வாக்கில் அடுத்தது. சூரல்மலையில் ஆற்றுப் பாலமே போய்விட்டதால் முண்டக்கை அக்கரையில் தனியாக நின்றது. கூடலூர்க்காரச் செவிலியர் ஒருவர் பாலமில்லாத ஆற்றைக் கயிற்றில் தொங்கியபடி கடந்து போய் அக்கரையில் காயப்பட்டவர்களுக்கு மருந்து போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தபோது எங்கள் பக்கத்தில் அத்தனை பேருக்கும் சொந்த வீட்டுப் பெண் வாங்கியது போல இருந்தது.

மேப்பாடியில் உதவி மேசை போட்டிருந்தார்கள். ஒரு பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மலையாளத்தில் "ஏது பாடி?" என்று கேட்டான். எந்த லயம் என்றுதான் கேட்டான். அப்பா பல வருடமாக இந்த எல்லையில் இருப்பவர், மலையாளம் நன்றாகவே பேசுவார். ஆனால் அந்த நிமிடம் அவர் காதில் தமிழ்ப் பாடிதான் விழுந்தது. எந்தப் பிணம் என்று கேட்கிறான் என நினைத்து அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பையன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். நான் லயத்தின் பெயரைச் சொன்னேன்.

அங்கேயே எங்களுக்கு முதல் தவறு நடந்தது. பெயரைச் சொன்னதோடு நகர்ந்துவிட்டோம். பதிவு செய்தோமா, எங்கள் போன் நம்பரைக் குறித்தார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. காணாமல் போனவர்களின் பட்டியலை ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், ஊர்ச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர்களின் விவரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் தயாரித்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு 138 பேருடன் வரைவுப் பட்டியல் வந்தது. அதில் அத்தை பெயர் இருந்தது, இனிஷியல் வேறாக இருந்தது. ஆதாரில் தாத்தா பெயரின் முதலெழுத்து, ரேஷன் கார்டில் மாமா பெயரின் முதலெழுத்து. அந்த ஓர் எழுத்தைச் சரிசெய்ய நான்கு முறை போய்வந்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் இன்றைக்கே மாற்றி வையுங்கள்.

உடல்களை மேப்பாடி குடும்ப சுகாதார மையத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூட்டம் எழுந்து நிற்கும். புன்னப்புழா ஆறு அடித்துக்கொண்டுபோனவர்களைச் சூச்சிப்பாறை அருவிக்குக் கீழே, மலப்புரம் மாவட்டத்தில் சாலியாற்றில் எடுத்தார்கள். அவர்களும் நிலம்பூரிலிருந்து இங்கேதான் வந்தார்கள். உள்ளே தன்னார்வலர் பெண்கள் சிலர் தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் முகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சேச்சி இறந்துபோன பெண்ணின் காதுமடலுக்குப் பின்னால் இருந்த சேற்றைச் சுண்டுவிரலில் துணியைச் சுற்றி எடுத்தார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது அப்படித்தான் எடுப்போம். மீட்புப் பணி என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுண்டுவிரல்தான்.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் 1. அன்று மாலைதான் ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படை சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தை, இரும்புத் துண்டுகளைக் கோத்துப் போடும் அவசரப் பாலத்தை, கட்டி முடித்தது. காலையில் ஓர் உடல் வந்தது. ஐம்பது வயது தாண்டிய பெண். முகம் தெரியவில்லை. இடது மணிக்கட்டுக்கு மேலே குறுக்காக ஒரு தழும்பு. அத்தைக்கும் அதே இடத்தில், கவாத்துக் கத்தி பட்ட தழும்பு உண்டு. அப்பா "என் தங்கச்சிதான், என் தங்கச்சிதான்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, மனசார நம்பினேன்.

கையெழுத்துப் போடப் போன நேரத்தில் இன்னொருவர் வந்தார். சூரல்மலைக்காரர், என் வயதுதான் இருக்கும். தழும்பைப் பார்த்ததும் "எண்டெ அம்மயாணு" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் அம்மா சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து கையைக் கிழித்துக்கொண்டாராம். அப்பாவுக்குக் கோபம் வந்தது. அவரும் சத்தம் போட்டார். நான் நடுவில் நின்றேன். அங்கிருந்த போலீஸ்காரர் இரண்டு பேரையும் அதட்டவில்லை. "ரெண்டு பேருக்கும் தர மாட்டேன். டிஎன்ஏ பார்க்கட்டும்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. கையில் கிடைத்தவளைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்புறம்தான் இரத்தம் கொடுக்கிற இடத்துக்குப் போனோம். முதல் நாளே போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. இரத்தம் கொடுத்தால் அத்தை செத்துவிட்டார் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அப்பா நினைத்தார். அங்கே வந்த பாதிப் பேருக்கு அந்தப் பயம் இருந்தது. ஊசி போடுமுன் ஒரு பெண் எங்களோடு உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினார். "மோளே, இது தேடுறதுக்குத்தான். கொடுத்தா தேடுறது நிக்காது" என்று அவர் தமிழும் மலையாளமுமாகச் சொன்னது அப்பாவுக்குப் பட்டது.

நான் கையை நீட்டினேன். அண்ணன் மகள் என்றதும் வேண்டாம் என்றார்கள். பெற்ற தாய் தகப்பன், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், இந்த வரிசையில்தான் முதலில் எடுப்பார்கள். பிள்ளையிடம் தாயின் மரபணுவில் பாதி நிச்சயமாக இருக்கும். அண்ணன் தங்கைக்குள் எவ்வளவு ஒத்துப்போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அப்பாவிடமும் எடுத்தார்கள், திருப்பூரிலிருந்து வந்துசேர்ந்த அத்தை மகளிடமும் எடுத்தார்கள். ஒப்புதல் படிவம், உறவுமுறை, இரண்டு போன் நம்பர். எல்லாம் கண்ணூரில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது. எங்கள் மாதிரிக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அதை அத்தை மகள் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். நான் நோட்டில் எழுதி, போட்டோவும் எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பெயரை விட அந்த எண்ணைச் சொன்னால்தான் வேலை நடந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். புத்துமலை 2019 ஆகஸ்ட் 8 அன்று தானே சரிந்து 17 பேரைப் பறிகொடுத்த ஊர். அந்த மண்ணில்தான் இவர்களுக்கும் இடம் கிடைத்தது. முதல் நாள் எட்டு உடல்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ முறைப்படி மூன்று பிரார்த்தனையும் நடந்தன. யார் என்ன மதம் என்று யாருக்குத் தெரியும், அதனால் எல்லாருக்கும் எல்லாமும். ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் ஒரு கல், கல்லில் ஓர் எண். அந்த உடலிலிருந்து எடுத்த மாதிரிக்கும் அதே எண். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அப்பாவுக்கு நிம்மதி வந்தது. "அப்போ யாரையும் தொலைக்கல. வச்சிருக்காங்க" என்றார்.

காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அத்தை மகள் திருப்பூருக்குத் திரும்பிப் போகவில்லை. பக்கத்து லயத்தில் உயிர் பிழைத்த ஒரு பாட்டியைப் பள்ளிக்கூட முகாமில் பார்த்தோம். முதல் சரிவுச் சத்தத்துக்குப் பிறகு அத்தையின் டார்ச் வெளிச்சம் கீழ் வரிசை வீடுகளை நோக்கிப் போனதைப் பார்த்தாராம். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. கீழ் வரிசையில் நான்கு பேர் தேயிலைக் காட்டுக்கு ஏறித் தப்பியிருக்கிறார்கள். கதவைத் தட்டிய சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம், தட்டியது யாரென்று பார்க்கவில்லை என்கிறார்கள். அது அத்தைதான் என்று அவர் மகள் நம்புகிறாள். நானும்.

செப்டம்பர் முதல் வாரம் போன் வந்தது. மகள் மாதிரியோடு இரண்டு எண்கள் பொருந்தியிருந்தன. ஒன்று சாலியாற்றில் எடுத்தது. இன்னொன்று பல நாள் கழித்து அருவிப் பக்கம் கிடைத்த சிறு பாகம். இரண்டும் அத்தை. நாங்கள் சண்டை போட்ட உடல் அத்தை இல்லை. அது அந்தச் சூரல்மலைக்காரரின் அம்மா.

அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு பிசைகிறது. அவருடைய அம்மாவைச் சேரம்பாடிக்குக் கொண்டுவந்து எரித்துச் சாம்பலைக் கரைத்திருப்போம். அவர் ஆயுசு முழுக்க ஆற்றோரம் தேடியிருப்பார். எங்கள் அத்தை எண்ணாகவே கிடந்திருப்பார். உருக்குலைந்த உடலைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்வதை நம்பாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். அன்பு அதிகமாக இருக்கிற கண்தான் அதிகம் ஏமாறுகிறது. அப்பா அவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். மறுமுனையில் அவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிவு வந்த பிறகு தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுபோகலாம், அங்கேயே விட்டுவிடவும் செய்யலாம். தோண்ட வேண்டுமென்றால் அதிகாரியின் அனுமதி வேண்டும். இரண்டு குழிகளையும் ஒன்றாக்க மட்டும் மனுக் கொடுத்தோம். அத்தை முப்பது வருடம் வாழ்ந்த மலை அது, அங்கேயே இருக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். இறப்புச் சான்றிதழ் வந்தது. பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சமும் முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் சேர்த்து அரசு அறிவித்த 6 லட்சம் மகள் பெயரில் வந்தது. எந்த எண்ணோடும் பொருந்தாமல் காத்திருந்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு, காணாமல் போனவர்களை இறந்தவர்களாகக் கணக்கில் கொள்ளும் அரசாணை 2025 ஜனவரியில்தான் வந்தது. எங்களுக்குக் கல்லாவது இருந்தது.

2025 ஜூலை 30 அன்று எல்லாரும் புத்துமலைக்குப் போனோம். அந்த இடத்துக்கு இப்போது ஹிருதயபூமி என்று பெயர். சூரல்மலைக்காரரும் வந்திருந்தார், இரண்டு மாலை வாங்கி வந்து ஒன்றை எங்களிடம் கொடுத்தார். அத்தையின் கல்லில் பெயரை மலையாளத்தில் எழுதியிருந்தார்கள், இனிஷியல் சரியாக இருந்தது. அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. வடுவஞ்சால் கடையில் வேலை பார்த்ததில் எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். அவர் விரலைப் பிடித்துக் கல்லின்மேல் வைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.