வலியை நிறுத்திய சொட்டை ஏன் வீட்டுக்குக் கொடுக்கவில்லை

கிரைண்டரில் இரும்புக் கம்பியை அறுக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியாதது என் தவறுதான். துகள் ஒன்று கண்ணில் தைத்துவிட்டது. மறுநாள் காலையில், இமைக்கும் ஒவ்வொரு முறையும் மணலால் தேய்ப்பதுபோல் கண் உறுத்தியது. மருத்துவர் முதலில் விட்ட ஒரு சொட்டு, அரை நிமிடத்துக்குள் வலியை அடியோடு நிறுத்திவிட்டது. புரோபராகெய்ன் என்னும் அந்த மரப்பு மருந்தையே எழுதித் தருமாறு கேட்டேன், அவர் மறுத்தார்.

அதன் பலன் ஏறத்தாழ கால் மணி நேரமே நிற்கும் என்பதால் திரும்பத் திரும்ப விட்டுக்கொள்ளத் தோன்றும். அப்படி விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாமல் போவதோடு, புண் ஆழமாகி வருவதை உணர்த்தும் வலியும் மறைந்துவிடும். ஆகவே அது துகளை எடுக்கும் நேரத்துக்கு மட்டுமான மருந்து.

பிறகு ஆரஞ்சு நிறச் சாயத்தை விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். காயம் பட்ட இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்ததாம். ஊசி முனையால் துகளை நெம்பி எடுத்தபின், அதைச் சுற்றிப் படிந்திருந்த துரு வளையத்தையும் சுரண்டி நீக்கினார்.

வீட்டுக்குக் கிடைத்தது 0.5 சதவீத மாக்சிஃப்ளாக்சசின் சொட்டு, நாளுக்கு 4 வேளை. அது கிருமித் தொற்றைத் தடுக்குமே தவிர வலியைக் குறைக்காது என்பது புரியாமல், மருந்து வேலை செய்யவில்லை என்று முதல் நாள் எரிச்சலடைந்தேன். வலிக்குப் பாராசிட்டமால் மாத்திரையும், கண்ணுள் இறுகிய தசையைத் தளர்த்த சைக்ளோபென்டோலேட் சொட்டும் தனியாக இருந்தன. பின்னது பாவையை (கண்ணின் நடுத்துளையை) விரித்ததோடு, கிட்டப் பார்வைக்குக் குவிக்கும் அந்தத் தசையையும் தளர்த்திவிட்டதால், அந்தக் கண்ணால் மருந்துப் புட்டியின் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை.

வீட்டில் பழைய ஸ்டீராய்டு சொட்டு ஒன்று கிடந்தது. சிவப்பை விரைவில் குறைக்கும் மருந்து என்பதால்தான் அது ஆபத்தானது: கண் தெளிந்ததுபோல் தோன்றும்போதே உள்ளே தொற்று வளர இடம் கொடுக்கும். இலை, வைக்கோல், உமி பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்றுக்கு வாய்ப்பு இருப்பதால், அங்கே இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். துகள் கண்ணைத் துளைத்து உள்ளே சென்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, சொட்டும் களிம்பும் எதுவும் இடாமல், கண்ணை அழுத்தாத மூடியால் மறைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் அதே சாயத்தை விட்டுப் பார்த்தபோது பச்சை எங்கும் தெரியவில்லை. மாக்சிஃப்ளாக்சசினை மட்டும் மருத்துவர் குறித்த நாள் வரை தொடர்ந்தேன்.